பதினொன்றைப் போட்டுத் தோற்றேன், நான்கைப் போட்டுத் தேறினேன்: கேம் டிசைன் செய்முறைத் தேர்வு அனுபவம்

போன வாரம் முடிவு வந்தது. இரண்டாவது முயற்சியில் தேறிவிட்டேன். முதல் முறை ஐந்து மதிப்பெண்ணில் போனது இன்னும் வயிற்றெரிச்சல்தான்.

எழுத்துத் தாளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, படித்தால் வரும். செய்முறைதான் ஆளைக் கவிழ்க்கும். எனக்கு வந்தது நான்கு பேர் ஒரே டீமாக ஆடும் ஆன்லைன் ஷூட்டர் (சுடும் ஆட்டம்) ஒன்றின் ப்ரோட்டோடைப், அதாவது முன்மாதிரி. வீரர்கள் ஒருவருக்கொருவர் சொல்வது போய்ச் சேரவில்லையாம், அலர்ட்டுகளை மேம்படுத்த வேண்டுமாம். மேம்படுத்து என்றதும் என் கை தானாகச் சேர்க்கத் தொடங்கியது. சாட் வந்தால் ஒரு சத்தம், பிங்குக்கு ('இங்கே பார்' என்று ஒரு இடத்தைக் கூட்டாளிகளுக்குக் காட்டும் குறி) வேறு சத்தம், கூட்டாளி விழுந்தால் திரை ஓரம் சிவப்பு, மினிமேப்பில் (திரையில் தெரியும் குட்டி வரைபடம்) மினுக்கல். மொத்தம் பதினொன்று. வைவாவில் (நேரில் கேள்வி கேட்கும் தேர்வு) எக்ஸாமினர் என்னையே ஆடச் சொன்னார். ஆடினேன். கூட்டாளி விழுந்து கிடந்ததே எனக்குத் தெரியவில்லை. நானே செய்த அலர்ட்! அப்புறம் அவர் எதுவும் கேட்கவில்லை.

அடுத்த முறையும் கிட்டத்தட்ட அதே கேள்விதான் வந்தது. இந்த முறை எதையும் சேர்க்கும் முன் லாக் எழுதினேன். பத்து நிமிட ஆட்டத்தைப் பதிவு செய்து, ஒவ்வொரு அலர்ட்டுக்கும் ஒரு வரி: யார் அனுப்பியது, யாருக்கு, வந்த மூன்று நொடிக்குள் அவர் எதையாவது மாற்றிச் செய்தாரா. 64 அலர்ட்டில் ஒன்பதுக்குத்தான் ஆள் அசைந்திருந்தார். மீதியில் பெரும்பாலானவை ஒரே ஆள் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பிங் செய்தவை.

அந்த ஆள் ஏன் அப்படி அடிக்கிறார்? தான் சொன்னது யார் கண்ணிலாவது பட்டதா என்று அவருக்குத் தெரியவில்லை, அதனால்தான். எல்லோரும் அதை ஸ்பேம் என்று சொல்லி உடனே கூல்டவுன் (ஒருமுறை அடித்தால் சற்று நேரம் மறுபடி அடிக்க விடாத தடை) போடுகிறார்கள். நான் பதில் கொடுக்க ஒரு பட்டன் வைத்தேன். கூட்டாளி அதை அழுத்தினால் அனுப்பியவர் திரையில் சின்னதாக ஒரு டிக். அவ்வளவுதான், பிங் பாதியாகக் குறைந்தது. 2019-ல் வந்த ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் என்ற ஷூட்டரில் பாருங்கள், ஒருவர் காட்டும் பொருளை இன்னொருவர் 'அது எனக்கு' என்று பிங்கிலேயே சொல்லிவிடலாம். பேச்சே தேவையில்லை. பிங்கைப் பற்றி எழுதுகிற எல்லோரும் அனுப்பும் பக்கத்தையே பார்க்கிறார்கள், மதிப்பெண் பதில் வரும் பக்கத்தில் இருக்கிறது.

வைவாவில் 'ஏன்' என்று கேட்டால் கைவசம் ஒரு ஆய்வு இருக்கட்டும். இரண்டு காதிலும் வேறு வேறு பேச்சு ஓட, ஒன்றை மட்டும் கவனிக்கும்போது, கவனிக்காத காதில் தன் பெயர் ஒலித்தால் சிலருக்கு அது கேட்டுவிடுகிறது என்று உளவியலாளர் நெவில் மோரே 1959-ல் காட்டினார். அதை வைத்துத்தான் பெயர் சொல்லி வரும் சாட்டுக்கு மட்டும் சத்தம் வைத்தேன், மற்ற சாட் எல்லாம் ஊமை.

மற்றவை சுருக்கமாக:

- சிவப்பு, பச்சையை மட்டும் நம்பாதீர்கள், வடிவமும் மாறட்டும். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8% பேருக்கு அந்த இரண்டும் குழம்பும்.
- மினுக்கல் நொடிக்கு மூன்று முறையைத் தாண்டக் கூடாது. சிலருக்கு வலிப்பு வரும்.
- ஒருவரை மியூட் செய்தால் அவருடைய பிங்கும் அடங்க வேண்டும். பாதிப் பேர் இதை விட்டுவிடுகிறார்கள்.
- சத்தத்தை அணைத்து ஒரு ஆட்டம், கண்ணை மூடி ஒரு நிமிடம் ஆடிப் பாருங்கள், அலர்ட் அப்போதும் புரிகிறதா என்று.
- குழுவாகப் படிப்பது எனக்கு ஒத்துவராது. லாக் எழுதத் தனிமைதான் சரி. உங்களுக்கு எப்படியோ.

இரண்டாவது வைவாவுக்கும் அதே எக்ஸாமினர்தான் வந்தார். நான்கு அலர்ட்தானா என்றார். லாக்கை நீட்டினேன். வாங்கிப் பார்க்காமல் ஆட உட்கார்ந்து, ஒரு பிங் அடித்தார். என் பக்கத்திலிருந்து டிக் போனது. மறுபடி அடிக்கவில்லை. கூல்டவுன் எங்கே என்று மட்டும் கேட்டார், இல்லை என்றேன். அதில் இரண்டு மதிப்பெண் போயிற்று.