அறிவித்து வராத பகை

கல்லூரி அணிகளுக்கிடையே ஜென்மப் பகை எப்படி முளைக்கிறது என்று கேட்டால், பலரும் ஊர்களின் நெருக்கத்தையும் நூற்றாண்டு கண்ட ஆட்டக் கணக்கையும் காட்டுவார்கள். அவை உதவும், ஆனால் போதா. தோல்வி இரு தரப்பையும் ஒரே அளவுக்குச் சுட வேண்டும் என்பதே என் கட்சி. ஒரு தரப்பு மட்டும் பொருமிக்கொண்டிருந்தால் அதற்குப் பெயர் ஏக்கம்.

பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்தின் கல்லூரி ஆட்டங்களில் இதற்கு இரண்டு பரிசுப் பொருள்கள் சாட்சி. 1903-இல் மினசோட்டாவுடன் ஆடச் சென்ற மிச்சிகன் அணி, குடிநீருக்காக அந்த ஊரிலேயே வாங்கிய ஒரு ஜாடியை, ஆட்டம் 6-6 எனச் சமனில் முடிந்த களேபரத்தில் விட்டுவிட்டுப் போய்விட்டது. அதை எடுத்துவைத்த மினசோட்டாக்காரர்கள் ஆட்டத்தின் முடிவை அதன்மீது எழுதியபோது, தங்கள் 6-ஐப் பெரிதாகவும் மிச்சிகனின் 6-ஐச் சிறிதாகவும் தீட்டினார்கள். சமனில் முடிந்த ஆட்டத்திலும் இப்படி ஒரு குசும்பு! 1909-இல் மிச்சிகன் வென்று ஜாடியை மீட்டது. இன்றும் அவ்விரு அணிகள் மோதினால் வென்றவர்களுக்கே அது சொந்தம்.

இன்னொன்று, 2015-இல் கனெக்டிகட் அணியின் பயிற்சியாளர் பாப் டியாக்கோ, சென்ட்ரல் ஃப்ளோரிடாவைத் தாமாகவே பரம வைரியாக வரித்துக்கொண்டு செய்துவைத்த கோப்பை. மறு ஆண்டு வென்ற சென்ட்ரல் ஃப்ளோரிடா அணி அதைச் சீந்தக்கூட இல்லை. மைதானத்திலேயே விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டது.

பகைக்கு ஆண்டுதோறும் ஆட்டம் வேண்டும் என்றுகூடச் சொல்ல முடியாது. ஒரே மாநிலத்தைச் சேர்ந்த அலபாமாவும் ஆபர்னும் 1907 ஆட்டத்துக்குப் பிறகு, வீரர்களின் தினப்படி, நடுவரை எங்கிருந்து அழைப்பது என்பன போன்ற சில்லறை விவகாரங்களில் முறுக்கிக்கொண்டு, 1948 வரை ஒருமுறைகூட மோதவில்லை. எதிராளியைப் பொருட்படுத்தாதவன் படிக்காசுக்காக 41 ஆண்டுகள் முறைத்துக்கொண்டிருக்க மாட்டான். மீண்டும் களமிறங்கிய 1948-இல் அலபாமா 55-0 என்று துவம்சம் செய்தது. அத்துடன் ஆபர்ன் அடங்கியிருக்க வேண்டும். அடுத்த ஆண்டே 14-13 என்று ஒற்றைப் புள்ளியில் வென்று கணக்கைத் தீர்த்துக்கொண்டது.