நம்பாதவனுக்கும் பண்டிகை உண்டு

எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. ஆனால் பண்டிகை நாள் ரொம்பப் பிடிக்கும். பிரெஞ்சு சமூகவியலாளர் எமில் துர்கைம் யூத மதகுரு ஒருவரின் மகன். வளர்ந்தபின் அந்த நம்பிக்கையை விட்டவர். ஒன்றுகூடி வழிபடும் மக்கள் உண்மையில் தங்கள் சமூகத்தைத்தான் போற்றுகிறார்கள் என்று 1912இல் எழுதினார். எனக்கும் அது சரியென்றே படுகிறது.

அம்மா கண்ணை மூடி வேண்டிக்கொள்ளும்போது பக்கத்தில் நிற்பேன். நான் வேண்டுவதில்லை, அம்மாவும் வற்புறுத்துவதில்லை. ஒவ்வொருவர் பெயராக முணுமுணுத்துக்கொண்டே வருவார். பேச்சுவார்த்தை நின்றுபோன சித்தப்பா பெயரும் அதில் வரும், என் பெயரும் வரும். அதைக் கேட்க மேலே யாரும் இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அம்மா எங்கள் எல்லோரையும் நினைப்பது நிஜம்தானே? அப்புறம் சித்தப்பாவுக்கு நானே போன் போட்டு வாழ்த்துச் சொல்வேன். மற்ற நாட்களில் அப்படிக் கூப்பிட ஒரு சாக்கு கிடைக்காது.