நரம்பின் பதிலைக் கேட்கும் கருவிகள்

நரம்புக்கு மின்துடிப்பு அனுப்பும் கருவியை உடலுக்குள் பதிப்பது புதிதன்று. மூளையிலிருந்து கழுத்து வழியாக மார்புக்கும் வயிற்றுக்கும் செல்லும் வேகஸ் நரம்பை வலிப்பு நோய்க்காகத் தூண்டும் முறைக்கு அமெரிக்காவில் 1997-இலேயே ஒப்புதல் கிடைத்துவிட்டது. ஆனால் தொடக்ககாலக் கருவிகள், நோயாளி உறங்கினாலும் நடந்தாலும், மருத்துவர் குறித்துவைத்த கால அட்டவணைப்படி ஒரே அளவில் துடிப்பை அனுப்பின. மூடிய சுற்று முறையிலோ, கருவி உடலின் சமிக்ஞையைப் பதிவுசெய்து, அதைப் பொறுத்துத் தூண்டலைத் தானே மாற்றிக்கொள்கிறது.

இதில் கடினமான பாதி தூண்டுவதன்று, கேட்பதே என்பது என் கருத்து. தூண்டல் துடிப்பு வோல்ட் கணக்கில் இருக்க, நரம்பைச் சுற்றிய மின்முனைக்கு எட்டும் இயல்பான சமிக்ஞை பெரும்பாலும் சில மைக்ரோவோல்ட்டுகளே. ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும், அந்தச் சிறு சமிக்ஞையைப் பெரிதாக்கும் பெருக்கி திணறி நின்று மீள்வதற்குள் பதில் கடந்துபோய்விடக்கூடும். அருகிலுள்ள தசைகளின் மின்னோட்டமும் பதிவில் கலந்துவிடும். இந்தச் சிக்கலை வென்ற சிறந்த எடுத்துக்காட்டு, 2022-இல் அமெரிக்க ஒப்புதல் பெற்ற சலுடா நிறுவனத்தின் எவோக் தண்டுவடத் தூண்டி; இது நாள்பட்ட வலிக்கானது. இருமும்போதும் குனியும்போதும் தண்டுவடத்துக்கும் மின்முனைக்கும் உள்ள இடைவெளி மாறுவதால், ஒரே அளவுத் தூண்டல் ஒரு கணம் மிகையாகவும் மறுகணம் போதாமலும் ஆகிவிடுகிறது. எனவே, துடிப்பு எழுப்பிய நரம்பு எதிர்வினையை அளந்து, அடுத்த துடிப்பின் வலிமையை எவோக் திருத்துகிறது.

ஆய்வுக்கென்றே வடிவமைக்கப்படும் கருவியின் தேவை வேறு. விற்பனைக் கருவிகள் பெரும்பாலும் சுருக்கிய தரவையே வெளியிடும். ஆய்வாளருக்கோ பதப்படுத்தாத அலைவடிவமே வேண்டும், ஏனெனில் எந்தச் சமிக்ஞையை நம்பலாம் என்பதே அவர் தேடும் விடை. மெட்ட்ரானிக் நிறுவனத்தின் சம்மிட் ஆர்சி+எஸ் என்ற ஆய்வுக் கருவி, பார்க்கின்சன் நோயாளிகள் தம் வீட்டில் இயல்பாக இருக்கும்போதே மூளைச் சமிக்ஞைகளைக் கம்பியின்றி அனுப்பியது. முந்தைய ஆய்வுக் கருவியைப் போலன்றி, அதன் மின்கலத்தை உடலுக்கு வெளியிலிருந்தே மின்னேற்றவும் முடிந்தது. பதிவும் கம்பியில்லாத் தரவு அனுப்பலும் மின்கலத்தை விரைவில் தின்றுவிடும் என்பதால், இது சிறு வசதியன்று. மூளைச் சமிக்ஞைக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் தகவமைவு மூளைத் தூண்டல் பார்க்கின்சன் நோய்க்காக 2025-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றதற்குப் பின்னால் இத்தகைய பல ஆண்டுப் பதிவுகள் இருக்கின்றன.

ஆய்வு முடிந்த பின்னும் கருவி நோயாளியின் உடலுக்குள்தான் இருக்கும். மின்கலம் தேய்ந்தால் மாற்றுவது யார், மென்பொருளுக்கு ஆதரவு நின்றால் என்ன செய்வது, அகற்றும் அறுவைக்குச் செலவை ஏற்பது யார் என்பவற்றுக்கான விடைகள், கையொப்பம் கேட்கப்படும் ஒப்புதல் படிவத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.