ஜிப்சியை எவ்வளவு உயர்த்துவது? சூரியநெல்லியில் தொடங்கிய கணக்கு

சூரியநெல்லியில் அதிகாலை நான்கரை மணி. கொழுக்குமலைக்குப் போகும் ஜீப்புகள் வரிசையாக நின்று உறுமிக் கொண்டிருந்தன. என் பழைய மாருதி ஜிப்சியை ஓரமாக நிறுத்திவிட்டு, முதல் நாள் பேசி வைத்திருந்த ஜீப்பைத் தேடினேன். அதன் ஓட்டுநர் கையில் டார்ச்சோடு என் வண்டியின் பின்பக்கம் குனிந்து பார்த்துக் கொண்டிருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், காதை மறைத்துக் கட்டிய மஃப்ளர்.

"பட்டை படுத்துருச்சே தம்பி. மாத்தவே இல்லையா?"

"ஒருதடவை அடிச்சு வளைச்சுக் கட்டினோம்ணே. அடுத்த மழைக்குள்ள மறுபடி படுத்துருச்சு. அதான் மொத்தமா லிஃப்ட் போட்டுடலாம்னு இருக்கேன்."

"மொதல்ல படுத்ததை எந்திரிக்க வைங்க. தூக்குறதைப் பத்தி அப்புறம் பேசலாம்" என்று சொல்லிவிட்டு டார்ச்சை அணைத்தார்.

அதற்கு முன் ஆறு மாதமாக, வண்டியைத் தரையிலிருந்து உயர்த்தும் லிஃப்ட் வேலை பற்றி வீடியோக்களும் விலைப்பட்டியல்களுமாகப் பார்த்துக் கொண்டிருந்தேன். இரண்டு இன்ச்சா, மூன்றா, ஐந்தா என்பதுதான் என் கேள்வி. எந்த உயரத்திலிருந்து இரண்டு இன்ச் என்று நான் கேட்டுக்கொண்டதே இல்லை.

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1998-ம் வருட ஜிப்சி கிங். 1.3 லிட்டர் கார்புரேட்டர் இன்ஜின், 60 குதிரைத்திறன். மாருதி ஜிப்சி இந்தியாவில் வந்தது 1985-ல், கிங் வந்தது 1996-ல். முன்னும் பின்னும் எடையைத் தாங்கும் வளைந்த லீஃப் ஸ்பிரிங் பட்டைகள் (வளைவு தளர்ந்து தட்டையாவதுதான் படுத்துப்போவது), இரண்டு பக்கச் சக்கரத்தையும் ஒரே தண்டாக இணைக்கும் ஆக்சில், எல்லாவற்றையும் தாங்கும் ஏணி மாதிரியான சேசிஸ். இந்த எளிமைக்காகவே எனக்கு அதைப் பிடிக்கும். எது தேய்ந்தாலும் கண்ணால் பார்க்கலாம், கையால் தொடலாம்.

மதுரையிலிருந்து உசிலம்பட்டி, தேனி வழியாகப் போடி வந்து, அங்கிருந்து போடிமெட்டு மலைப்பாதையின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறித்தான் முதல் நாள் வந்திருந்தோம். நான், அம்மா, தங்கை, அவள் கணவர், பின்னால் நான்கு பைகள். தங்கை கணவர் பின்சீட்டில் உட்கார்ந்ததுமே வண்டி பின்பக்கம் தாழ்ந்தது. வழியில் ஒவ்வொரு வேகத்தடையிலும் சைலன்சர் குழாய் ஒரு முறை உரசிச் சத்தம் போட்டது.

அம்மாவுக்கு முழங்கால் வலி என்பதால் அறையிலேயே இருந்துவிட்டார். நாங்கள் மூவரும் ஜீப்பில் ஏறினோம்.

கொழுக்குமலை தேயிலைத் தோட்டம் தேனி மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் வண்டி போகும் பாதை கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்துதான். தமிழ்நாட்டுப் பக்கம் குரங்கணியிலிருந்து நடந்துதான் ஏற வேண்டும். ஒன்றரை மணி நேரப் பயணத்தில் முதல் பகுதி சாதாரண எஸ்டேட் சாலை. அதற்கு மேல் சாலை என்று சொல்ல எதுவும் இல்லை. தலை அளவுக் கற்கள், நடுவே மழைநீர் அறுத்த பள்ளங்கள்.

நான் முன்சீட்டில் உட்கார்ந்து அவருடைய கைகளையே பார்த்துக் கொண்டு வந்தேன். அந்த ஜீப் உயர்த்தப்பட்டதே இல்லை. கம்பெனி விட்ட உயரம், அகலம் குறைந்த டயர்கள், பட்டைகளுக்கு நடுவில் கருப்பாகக் கிரீஸ் பிதுங்கிக் கொண்டிருந்தது. அவ்வளவுதான். தினமும் ஏறி இறங்குகிற வண்டி. பெரிய கல் வந்தால் அதை இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் விடுவார் என்று நினைத்தேன். அவர் சக்கரத்தை நேராகக் கல்லின் மேலேயே ஏற்றினார்.

"நடுவுல விட்டா உருண்டை அடி வாங்கும் தம்பி. டயர்ல ஏத்தினா வண்டியே எந்திரிச்சுக்கும்."

உருண்டை என்று அவர் சொன்னது ஆக்சிலின் நடுவில் தொங்கும் டிஃபரன்ஷியலை, அதாவது இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் சக்தியைப் பிரிக்கும் கியர்கள் இருக்கும் உருண்டையை. இந்த வகை வண்டியில் தரைக்கு மிக அருகில் இருப்பது அதுதான். எத்தனை இன்ச் லிஃப்ட் போட்டாலும் உயர்வது பட்டைக்கு மேலே இருக்கிற சேசிஸும் பாடியும்தான். ஆக்சில் சக்கரத்தோடு சேர்ந்து அதே இடத்தில் இருக்கும். உருண்டை உயர வேண்டுமென்றால் டயர்தான் பெரிதாக வேண்டும். இதைப் பல இடங்களில் படித்திருக்கிறேன். அந்தக் கற்களின் மேல் குலுங்கிக் கொண்டு போகும்போதுதான் மனதில் பதிந்தது.

மேலே 7,000 அடிக்கு மேல் குளிர் காதைக் கடித்தது. தேனிப் பக்கம் முழுக்க மேகம் படுத்திருந்தது, அதன் விளிம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்தது. 1930-களில் கட்டிய தேயிலைத் தொழிற்சாலையில் பழைய இயந்திரங்கள் இன்னும் ஓடுகின்றன. அம்மாவுக்கு அரைக் கிலோ தேயிலை வாங்கினேன்.

ஊருக்குத் திரும்பியதும் முதல் வேலையாக அளந்தேன். சமதளத்தில் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மேலே மட்கார்டு வளைவின் விளிம்பு வரை டேப் வைத்து எடுக்க வேண்டும். தரையிலிருந்து எடுத்தால் டயரின் தேய்மானமும் காற்றும் கணக்கைக் குழப்பிவிடும். புதிய பட்டை போட்ட, உயர்த்தாத இன்னொரு ஜிப்சி நண்பர் ஒருவரிடம் இருந்தது. அதையும் அளந்தேன். பின்பக்கம் என் வண்டி 35 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது. முன்பக்கம் ஓட்டுநர் பக்கம் மட்டும் கூடுதலாக 15 மில்லிமீட்டர். நான் லிஃப்ட் தேடிக்கொண்டிருந்த உயரத்தில் பெரும் பங்கு, வண்டி தன் வயதில் இழந்த உயரம்.

கடையில் இரண்டு இன்ச் கிட் என்று சொல்வது புது வண்டியின் உயரத்திலிருந்து இரண்டு இன்ச். படுத்துப்போன வண்டியில் அதைப் போட்டால் மூன்றரை இன்ச்சுக்கு அருகில் எழும்பும். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் பலர் இந்த இடத்தில்தான் ஏமாந்து போகிறார்கள்.

அடுத்த மாதம் மேகமலை போனோம். இந்த முறை கிளம்பும் முன் வண்டிக்கு அடியில் படுத்து, இரண்டு டிஃபரன்ஷியல்கள், பட்டையை ஆக்சிலோடு கட்டும் யூ-போல்ட்டுகளின் முனைகள், முன் பின் ஆக்சில்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸைத் தாங்கும் குறுக்குச் சட்டம், சைலன்சர், பின் பம்பர் மூலைகள் எல்லாவற்றிலும் சுண்ணாம்பைக் கெட்டியாகக் குழைத்துப் பூசினேன். காய்ந்ததும் வெள்ளை வெளேரென்று இருந்தது. எங்கே அழிகிறதோ அங்கேதான் வண்டி இடிக்கிறது.

சின்னமனூர் தாண்டி, தென்பழனி சோதனைச்சாவடியில் பதிந்துவிட்டு ஏறினோம். மேலே இருக்கும் ஹைவேவிஸ் ஊர் வரை நல்ல சாலை. வளைவுகளுக்கெல்லாம் பூக்களின் பெயர் வைத்திருக்கிறார்கள், அம்மா ஒவ்வொன்றாகப் படித்துக் கொண்டே வந்தார். ஹைவேவிஸ் தாண்டி மணலாறு, வெண்ணியாறு, மகாராஜாமெட்டு போகும் பாதைதான் வண்டியைச் சோதித்தது. தார் போன இடத்தில் ஜல்லியும் பள்ளமும். அதிலும் அரசுப் பேருந்து அசைந்து அசைந்து வந்து கொண்டிருந்தது.

இரவு அறை வாசலில் கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். குறுக்குச் சட்டத்தில் சுண்ணாம்பு அப்படியே இருந்தது. வண்டியின் வயிறு எங்கேயும் தட்டவில்லை. பின் டிஃபரன்ஷியலின் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு வழித்து எடுத்தது போல இருந்தது. ஜிப்சியில் பட்டை ஆக்சிலுக்குக் கீழே இருப்பதால் யூ-போல்ட் நட்டுகள் தரையைப் பார்த்துத் தொங்கும். முன்பக்கம் இரண்டு நட்டுகள் பளபளவென்று தேய்ந்திருந்தன. சைலன்சர் முனையும் பின் பம்பரின் இடது மூலையும் அடி வாங்கியிருந்தன.

டிஃபரன்ஷியலுக்கும் நட்டுக்கும் மருந்து டயர். சைலன்சருக்கும் பம்பருக்கும் மருந்து படுத்த பட்டையை எழுப்புவது. ஐந்து இன்ச் தேவைப்படும் இடம் என் பாதையில் ஒன்று கூட இல்லை.

இருந்தாலும் எல்லா வழிகளையும் யோசித்தேன். அதிக உயரத்துக்குப் பலரும் போவது, ஆக்சிலுக்குக் கீழே இருக்கும் பட்டையை மேலே மாற்றி வெல்டிங் செய்வது. சுமார் ஐந்து இன்ச் கிடைக்கும், தொங்கும் யூ-போல்ட் நட்டுகளும் மேலே போய்விடும். அப்படிச் செய்த ஒரு ஜிப்சியை நான்கு வழிச்சாலையில் ஓட்டிப் பார்த்தேன். ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் ராடு அதிகமாகச் சாய்ந்துவிடுவதால் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் வண்டி தானாக ஒரு பக்கம் இழுத்தது. 70-க்கு மேல் போக எனக்கு மனம் வரவில்லை. பாறைப் போட்டிகளுக்கு அது சரியான வண்டி. அம்மாவை உட்கார வைத்துக்கொண்டு தேனிக்குப் போகும் வண்டி இல்லை.

பட்டையின் ஒரு நுனியைச் சேசிஸோடு இணைக்கும் சேக்கிளை நீளமாகப் போடுவது மலிவு. ஆனால் 50 மில்லிமீட்டர் நீட்டினால் ஆக்சிலில் கிடைப்பது பாதி, 25 மட்டுமே. ஜிப்சியின் முன் சேக்கிள் பட்டையின் முன்நுனியில் இருப்பதால், நீட்டும்போது முன் ஆக்சில் முன்னோக்கிச் சுழன்று, ஸ்டியரிங்கை நேராக்கும் கேஸ்டர் கோணம் குறைகிறது. திருப்பிய பிறகு ஸ்டியரிங் தானாக நேருக்கு வராது. லாரியில் வைப்பது போல ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவில் கட்டை வைக்கச் சொன்னார் ஒருவர். பட்டை கீழே இருக்கும் வண்டியில் அப்படி வைத்தால் வண்டி இறங்கத்தான் செய்யும். பட்டைக் கட்டில் கூடுதலாக ஒரு பிளேட் சேர்ப்பது எனக்குச் சரிப்படவில்லை. ஆள் இல்லாமல் போகும்போது இடுப்பு கழன்றுவிடும் அளவுக்குக் கடினமாகிவிடும். பட்டையைத் தொடாமல் பாடிக்கும் சேசிஸுக்கும் நடுவில் துண்டு வைத்து உயர்த்தினால், பெரிய டயருக்கு இடம் கிடைக்குமே தவிர சேசிஸ் பழைய இடத்திலேயே இருக்கும்.

பழைய பட்டையைச் சூடு காட்டாமல் சம்மட்டியால் அடித்து வளைத்துத் தருவது இன்னொரு வழி. முன்பு ஒரு பட்டறையில் அப்படித்தான் செய்து கொடுத்தார்கள், அந்தப் பணம் வீண். உலையில் வைத்து, எண்ணெயில் தோய்த்து, மறுபடி பதமான சூடு காட்டினால்தான் எஃகு அந்த வளைவை நினைவில் வைத்திருக்கும்.

ஓல்ட் மேன் ஈமு மாதிரியான ஆஸ்திரேலியப் பட்டைகள் நல்லவை. ஆனால் எனக்கு வேண்டியது இரண்டு இன்ச் இல்லை. கணக்கு இப்படி வந்தது: படுத்ததை எழுப்ப 35 மில்லிமீட்டர், அதற்கு மேல் லிஃப்ட் 25, டயரில் 18. மொத்தம் 78, மூன்று இன்ச்சுக்குச் சற்று மேல். இரண்டு இன்ச் கிட் போட்டால் நான்கு இன்ச் தாண்டும். அம்மா முன்சீட்டில் ஏறும் உயரத்தை முதலில் செங்கல் அடுக்கிப் பார்த்தோம். மூன்று இன்ச்சுக்குக் கைப்பிடியைப் பிடித்து ஏறினார். நான்காவது இன்ச்சில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அங்கேயே முடிவாகிவிட்டது.

டயர் 205/70-க்குப் பதில் 215/75, அதே 15 இன்ச் ரிம். விட்டம் 668-லிருந்து 703 மில்லிமீட்டருக்குப் போகிறது, அதில் பாதிதான் ஆக்சிலுக்குக் கிடைக்கும். 235/75 போட்டிருந்தால் இன்னும் 15 கிடைக்கும். ஆனால் 60 குதிரைத்திறன் இன்ஜின் போடிமெட்டு ஏற வேண்டுமே. 215-க்கே ஐந்து சதவீதம் இழுவை போகிறது, ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது உண்மையில் 63.

பட்டையை நாமக்கல்லில் லாரிப் பட்டை வேலை செய்யும் ஒரு பெரியவர் செய்து கொடுத்தார். சிமென்ட் தரையில் சாக்பீஸால் ஒரு வளைவு வரைந்தார். உலையிலிருந்து எடுத்து ஆறிய ஒவ்வொரு பிளேட்டையும் அந்தக் கோட்டின் மேல் நிறுத்தி, தரையோடு குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். ஒன்று நூல் அளவு விலகியிருந்தது, மறுபடி உலைக்குப் போனது. பழைய யூ-போல்ட்டுகளைத் திரும்பப் போட அவர் சம்மதிக்கவில்லை. "இழுத்த போல்ட்டு ஒருவாட்டி நீண்டுச்சுன்னா முடிஞ்சுதுங்க" என்றார். 500 கிலோமீட்டரில் வந்து மறுபடி இறுக்கச் சொன்னார், போனேன்.

பூட்டியதும் சேசிஸில் ஜாக்கி கொடுத்து நான்கு சக்கரங்களையும் தொங்கவிட்டோம். பிரேக் ஹோஸில் ஒரு விரல் நுழையும் தளர்வு இருந்தது. ஷாக் அப்சார்பர்கள் பழைய அளவில் முழுக்க நீண்டு முட்டின, அதனால் சற்று நீளமானவை மாற்றினோம். ஹெட்லைட்டைக் கொஞ்சம் கீழே திருப்பினோம்.

சட்டத்தையும் சொல்ல வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. 15 வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும், அதிகாரி கீழே குனிந்து பார்ப்பார். வேலை தொடங்கும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுதிக் கேட்டுவிடுங்கள். ஆக்சிலை வெட்டி ஒட்டும் வேலைகளை நான் தொடாததற்கு இதுவும் காரணம்.

தை மாதம் மறுபடி மேகமலை போனோம், மறுபடி சுண்ணாம்பு பூசித்தான். வேகத்தடைகளில் சைலன்சர் சத்தம் இல்லை. வெண்ணியாறு தாண்டி, போன முறை தட்டிய அதே மேட்டில் சக்கரத்தைக் கல்லின் மேலேயே ஏற்றினேன். மகாராஜாமெட்டில் அம்மா இறங்கக் கதவைத் திறந்தேன். வண்டியில் நிரந்தரமாகப் படி வைத்தால் அது கல்லில் இடிக்கும் என்பதால் ஒரு சின்ன மர முக்காலி கொண்டு வந்திருந்தோம். அம்மா அதில் கால் வைத்து இறங்கி, பள்ளத்தாக்குப் பக்கம் போய் நின்றார். நான் அதற்குள் வண்டிக்கு அடியில் படுத்துவிட்டேன். நட்டுகளில் வெள்ளை அப்படியே இருந்தது. டிஃபரன்ஷியலின் அடியில் மட்டும் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கோடு.

"என்னடா தேடுற அங்க? வா, மேகம் வருது பாரு" என்று அம்மா கூப்பிட்டார்.