அம்மாவின் கால்சியம்

அம்மாவின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் கால்சியம் 9.6 என்று இருந்தது. மறுபடி பார்த்தேன். 9.6 தான். இயல்பான அளவு.

போன மாதம் 11.9. கழுத்தில் அரிசி மணி அளவில் இருக்கும் நாலு பாராதைராய்டு சுரப்பிகளில் ஒன்று கட்டியாகி, எலும்பிலிருந்து கால்சியத்தை உருவி ரத்தத்தில் ஏற்றிக்கொண்டிருந்தது. ஆபரேஷனுக்குத் தேதிகூடக் குறித்தாயிற்று.

இடையில் மூன்று நாள் கழுத்து வலி. சுக்குப் பற்று போட்டுப் படுத்திருந்தார். அப்போதுதான் ரத்த ஓட்டம் நின்று கட்டி தானாகவே செத்துப்போயிருக்க வேண்டும் என்றார் டாக்டர். ரொம்ப அபூர்வமாம். திரும்பவும் வரலாம், அதனால் ரத்தப் பரிசோதனையை மட்டும் விட்டுவிடக் கூடாது.

கால்சியம் ஏறியதால் வந்த இரண்டு வருட அசதியையும் மறதியையும் வயசு என்றே சொல்லிக்கொண்டிருந்தோமே, அதுதான் உறுத்துகிறது.

அம்மா ஆஸ்பத்திரிக்குக் கட்டிவைத்த பையைப் பிரித்து, புடவைகளை ஒவ்வொன்றாக பீரோவில் அடுக்கிக்கொண்டிருக்கிறார்.