ஏன் மலிவு என்று கேட்டுப் பழகிய சனிக்கிழமைகள்

"அண்ணே, மாசம் 154 வெள்ளி சும்மா கையில நிக்கும்ணே" என்றார் அந்தத் தம்பி. வாங்கி வாடகைக்கு விட ஒரு வீடு பார்க்கப் போய், கோலாலம்பூரின் வங்சா மாஜுவில் ஓர் அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்தில் நின்றிருந்தோம். கழுத்தில் சிவப்பு அட்டை தொங்கியது. வீடு விற்றுக்கொடுக்கப் பதிவு பெற்றவர்தான். கைப்பேசியில் கணக்குப் போட்டுக் காட்டினார். வீட்டின் விலை 280,000 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). 90 விழுக்காடு கடன் எடுத்தால் 252,000. வட்டி 4.2, தவணைக் காலம் 35 ஆண்டு, மாதத் தவணை 1,146. அந்தக் கட்டடத்தில் வாடகை 1,300 போகிறது. மிச்சம் 154.

அவர் பொய் சொல்லவில்லை. போட்ட எண்கள் எல்லாம் சரி. போடாமல் விட்ட எண்கள்தான் என் நோட்டில் இருந்தன. 850 சதுர அடி வீட்டுக்குச் சதுர அடிக்கு 25 காசு பராமரிப்புக் கட்டணம், அதன் மேல் பெரிய பழுதுகளுக்காக ஒதுக்கும் சேமநிதி 10 விழுக்காடு, இரண்டும் சேர்ந்து மாதம் 234. மாநகர் மன்றத்தின் மதிப்பீட்டு வரியையும் நிலவரியையும் மாதத்துக்குப் பிரித்தால் ஏறக்குறைய 50. ஆட்கள் மாறும்போது வருடத்தில் ஒரு மாதமாவது வீடு காலியாகக் கிடக்கும் என்று நான் எப்போதும் வைத்துக்கொள்வேன். அப்படியானால் வருட வாடகை 14,300. செலவு போக நிற்பது 10,892. போடும் விலையில் அது 3.9 விழுக்காடுகூட முழுதாக வராது. கடனுக்கு நான் கொடுக்கும் வட்டியே 4.2. கையில் நிற்பதாகச் சொன்ன 154 போய், மாதம் 238 வெள்ளி என் சம்பளத்திலிருந்து எடுத்துக் கட்ட வேண்டியிருக்கும்.

வாங்கும் நாளில் கையிலிருந்து இறங்கும் பணத்தையும் அவர் சொல்லவில்லை. முன்பணம் 28,000. உரிமை மாற்றத்துக்கான முத்திரைக் கட்டணம், முதல் 100,000க்கு 1 விழுக்காடும் மீதிக்கு 2 விழுக்காடுமாக 4,600. கடன் பத்திரத்துக்கு 1,260. இரண்டு பத்திரத்துக்கும் வக்கீல் கட்டணம் 6,650. சில்லறைச் செலவுகளுக்கு முன்பே 40,000 தாண்டிவிட்டது. முதல் வீடு வாங்குகிறவர்களுக்குக் கிடைக்கும் முத்திரைக் கட்டணச் சலுகை எனக்கு இல்லை.

"220னா எனக்குக் கட்டும் தம்பி" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. கேட்பது 280, கொடுப்பது 220 என்றால் யாருக்கும் வாடும். ஆனாலும் அந்த எண்ணை நான் வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. செலவு போக 5 விழுக்காடு நிற்க வேண்டும் என்பது நான் எனக்கே போட்டுக்கொண்ட கோடு. அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய வந்து நிற்கும் இடம் அது.

வாரத்தில் ஐந்து நாள் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். சனிக்கிழமை காலையில் செத்தாபாக், செந்தூல், ஜாலான் ஈப்போ என்று கோலாலம்பூரின் வடக்குப் பக்கத்தில் விற்பனைக்கு வரும் வீடுகளைப் பார்க்கக் கிளம்பிவிடுவேன். 2012இல் தொடங்கிய பழக்கம். பார்த்த வீடுகள் இருநூறைத் தாண்டும். வாங்கியவை இரண்டே இரண்டு. என்னைப் போல மாதச் சம்பளக்காரர்கள் பெரும்பாலும் இரண்டோடுதான் நிற்கிறோம். மூன்றாவது வீட்டுக் கடனுக்கு மதிப்பில் 70 விழுக்காட்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று 2010 நவம்பரில் மத்திய வங்கியான பேங்க் நெகாரா வரம்பு போட்டது. மீதி 30 விழுக்காட்டை ரொக்கமாக வைக்க எங்களில் எத்தனை பேரால் முடியும்?

முதல் வீடு செத்தாபாக்கில், பதினொன்றாவது மாடியில். அதே கட்டடத்தில் அதே அளவு வீடுகள் 185,000, 190,000 என்று போய்க்கொண்டிருந்தபோது எனக்கு 165,000க்கு வந்தது. "அவசரமா விக்கிறாரு" என்றார் முகவர். அதற்கு மேல் நான் ஒரு கேள்வி கேட்கவில்லை. என்ன அவசரம் என்றுகூடக் கேட்கவில்லை. மற்றவர் கண்ணில் படாத ஒன்று என் கண்ணில் பட்டுவிட்டது என்று அன்று இரவு தூக்கம் வராமல் சந்தோஷப்பட்டேன்.

நான் போய்ப் பார்த்த சனிக்கிழமை காலை லிஃப்ட் ஓடியது. குடிவந்த குடும்பத்தில் ஒரு கைக்குழந்தை, முட்டி வலியோடு ஒரு பாட்டி. நாலாம் மாதம் அந்தப் பெண் போன் செய்தார். "அண்ணே, ரெண்டு வாரமா லிஃப்ட் இல்ல. அம்மாவ கிளினிக்குக் கூட்டிட்டுப் போகணும்னா பதினொரு மாடி இறக்கணும்ணே. அவங்க படியிலயே உக்காந்து அழறாங்க." எனக்குப் பேச்சு வரவில்லை. மாதக் கடைசியில் அவர்கள் போய்விட்டார்கள். முன்பணத்தை முழுதாகத் திருப்பிக் கொடுத்தேன். வீடு ஐந்து மாதம் பூட்டிக் கிடந்தது.

அதன் பிறகுதான் நிர்வாக அலுவலகத்துக்குள் காலே வைத்தேன். உரிமையாளர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் பராமரிப்புக் கட்டணம் கட்டுவதில்லை. லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனிக்கு மாதக்கணக்கில் பாக்கி. அவர்கள் ஆள் அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். சேமநிதி என்று ஒரு கணக்கு பெயருக்கு இருந்தது, அதில் பணம் இல்லை. கடைசியில் வீட்டுக்கு 1,200 வெள்ளி சிறப்பு வசூல் போட்டுத்தான் லிஃப்ட் ஓடியது. விற்றவருக்கு இதெல்லாம் தெரியும். 20,000 குறைத்துக் கொடுத்ததன் காரணமே அதுதான். அதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஆகியிருக்கக்கூடிய செலவு, அறிவிப்புப் பலகைக்கு முன்னால் ஐந்து நிமிடம் நிற்பது மட்டும்.

இப்போது வீட்டுக்குள் போவதற்கு முன்பே அந்தப் பலகையைத்தான் படிக்கிறேன். பாக்கி வைத்திருப்பவர்களின் பட்டியல் எத்தனை பக்கம் ஓடுகிறது, கடைசி ஆண்டுக் கூட்டம் எப்போது நடந்தது என்று பார்ப்பேன். 2013ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டம் 2015 ஜூனில் நடப்புக்கு வந்த பிறகு, தணிக்கை செய்த கணக்கைக் காட்டச் சொல்லி விற்பவரிடமே கேட்கலாம். உரிமையாளர் என்ற முறையில் அவரால் வாங்கித்தர முடியும். அடுத்தது கட்டடத்தின் வாசல் காவலாளி. எங்கள் பக்கம் பெரும்பாலும் நேப்பாளத்துக்காரர்கள். "லிஃப்ட் எப்படி?" என்று மலாயில் கேட்டால் முகவர் சொல்லாததை இரண்டே சொல்லில் சொல்லிவிடுவார்கள்: "செலாலு ரோசாக்." எப்போதும் கெட்டுப்போய்த்தான் கிடக்குமாம்.

பிடித்த வீடென்றால் இரண்டாம் முறை மழைக்குப் பிறகு போவேன். சாயங்கால இடிமழை ஓய்ந்து ஒரு மணி நேரம் கழித்துக் குளியலறைக் கூரையைப் பார்த்தால் பல சங்கதிகள் தெரியும். ஈரம் மழையால் வந்ததா, மேல்வீட்டுக் குழாயால் வந்ததா என்பது முக்கியம். மேல்வீட்டிலிருந்து ஒழுகுகிறது என்றால் 2015 விதிமுறைகளில் வழி இருக்கிறது. புகார் கொடுத்த 7 நாளுக்குள் நிர்வாகம் வந்து பார்க்க வேண்டும். வேறு காரணம் நிரூபிக்கப்படாதவரை குறை மேல்வீட்டுடையது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். இப்படித் தீரக்கூடிய காரணத்துக்காக ஒரு வீடு மலிவாக வந்தால் நான் பயப்படுவதில்லை.

தீராத காரணங்களும் உண்டு. கோம்பாக்கில் ஒரு தரைவீடு, சந்தை விலையில் முக்கால்வாசிக்கு வந்தது. இரண்டு சனிக்கிழமை அலைந்த பிறகுதான் அது மலாய்க்காரர்களுக்கென்றே ஒதுக்கிய நிலம், என் பெயருக்கு மாறவே மாறாது என்று தெரிந்தது. இப்போதெல்லாம் நில உரிமைப் பத்திரமான கிரானின் நகலைப் பார்க்காமல் வண்டியை எடுப்பதில்லை. இன்னும் சில முகவர்கள் பத்திரத்தில் விலையை ஏற்றி எழுதி அதிகக் கடன் வாங்கித் தருகிறேன், கையில் ரொக்கமும் நிற்கும் என்பார்கள். நான் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுவேன். வங்கியிடம் பொய்க் கையெழுத்துப் போட்டு வாங்கும் வீடு எனக்கு வேண்டாம். இதைச் சாமர்த்தியம் என்று நம்பிப் போன இளைஞர்கள், பெருத்த தவணையைக் கட்ட முடியாமல் தத்தளிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது வீடு செந்தூலில், 2016இல். இந்த முறை வாயைத் திறந்து கேட்டேன். "ஏன் விக்கிறீங்க?" ஏழு மாதமாக வாடகைக்கு ஆள் கிடைக்கவில்லை என்றார் உரிமையாளர். லிஃப்ட் நன்றாக இருந்தது, கணக்கு சுத்தமாக இருந்தது, ரயில் நிலையம் நடக்கிற தூரம். பிறகு ஏன் ஆள் கிடைக்கவில்லை? அவருடைய பழைய வாடகை விளம்பரத்தைத் தேடிப் பார்த்தேன். இந்தியர்களுக்கு இல்லை என்று போட்டிருந்தது.

அந்த வரி எனக்குப் புதிதில்லை. இருபத்து மூன்று வயதில் வேலை கிடைத்துத் தைப்பிங்கிலிருந்து வந்தபோது, போனில் "ரூம் இருக்கு, வாங்க" என்று சொன்னவர்கள் என் முகத்தைப் பார்த்ததும் "இப்பதான் குடுத்துட்டோம்" என்றார்கள். ஒரே வாரத்தில் மூன்று இடம். அன்று பட்டது இன்னும் ஆறவில்லை. அந்த விளம்பரத்தைப் படித்த நிமிடமே இந்த வீட்டுக்கு ஆள் கிடைக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கோலாலம்பூர் மருத்துவமனை பக்கத்தில்தான். அங்கே வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் வீடு தேடி எத்தனை படி ஏறி இறங்குகிறார்கள் என்று எனக்குத் தெரியாதா? பத்திரம் முடிந்த மூன்றாம் வாரம் தாதியர் மூவர் சேர்ந்து எடுத்துக்கொண்டார்கள். இத்தனை ஆண்டில் மூன்றே முறைதான் ஆள் மாறியிருக்கிறது. ஒரு முறைகூட வீடு முழு மாதம் காலியாக இருந்ததில்லை. செத்தாபாக் வீட்டை 2022இல் விற்றுவிட்டேன். ஐந்து ஆண்டுக்கு மேல் வைத்திருந்த குடிமக்களுக்கு ஆதாய வரி இல்லை என்ற மாற்றம் அந்த ஆண்டுதான் வந்தது. செந்தூல் வீட்டை விற்கும் எண்ணம் இல்லை.

ஏல வீடுகளைப் பற்றிப் பலர் என்னிடம் கேட்கிறார்கள். லெலோங் என்றால் மலிவு என்று ஒரு பேச்சு. ஆள் வராத ஏலத்துக்குப் பிறகு அடிப்படை விலை வழக்கமாக 10 விழுக்காடு இறங்கும் என்பது உண்மை. முன்பணம் 10 விழுக்காடு, நீதிமன்ற ஏலமானால் மீதியை 120 நாளில் கட்ட வேண்டும், தவறினால் முன்பணம் திரும்பாது. வீட்டுக்குள் போய்ப் பார்க்க முடியாது. உள்ளே ஆள் இருந்தால் அவர்களை வெளியேற்றுவது எடுத்தவர் பாடு.

இந்தக் கடைசி விஷயம் என்னவென்று செந்தூலில் ஒரு ஐந்து மாடி பிளாட்டில் தெரிந்துகொண்டேன். மூன்றாம் முறையாக ஏலத்துக்கு வந்த வீடு, என் கணக்குக்கு மிக நன்றாகக் கட்டியது. வெளியிலிருந்தாவது பார்க்கலாம் என்று போனேன். நிலைப்படியில் காய்ந்த மாவிலைத் தோரணம். வாசலில் பள்ளிக்கூடக் காலணி இரண்டு ஜோடி, வெள்ளை பூசிக் காயவைத்திருந்தது. மின்சார மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. திரும்பப் போகும் நேரத்தில் கதவு திறந்தது. "யாருய்யா? பேங்க்லேருந்தா?" என்றார் ஒரு பாட்டி.

இல்லை என்றேன். வேறு என்னவென்று சொல்ல வாய் வரவில்லை. அவர் என்னை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். மகன் லாரி ஓட்டுகிறவர், விபத்துக்குப் பிறகு வேலை இல்லை, கடிதங்கள் வந்து வந்து ஒரு பிளாஸ்டிக் பையில் பிரிக்காமலே கிடந்தன. அன்று நான் செய்ததெல்லாம் அவற்றைப் பிரித்துப் படித்துச் சொன்னதுதான். ஏலம் முடியும் கணம் வரை பாக்கியைக் கட்டி வீட்டை மீட்க நிலச் சட்டத்தில் இடம் இருக்கிறது என்று மகனிடம் சொன்னேன். பேங்க் நெகாரா 2006இல் அமைத்த கடன் ஆலோசனை நிறுவனமான ஏகேபிகேயில் காசு வாங்காமல் வழி சொல்வார்கள், வங்கியோடு பேசவும் உதவுவார்கள் என்று முகவரி எழுதிக் கொடுத்தேன். அவர்கள் போனார்களா, அந்த வீடு யார் கைக்குப் போனது, இன்றுவரை தெரியாது. அந்த ஏலத்துக்கு நான் போகவில்லை. அதற்குப் பிறகு எந்த ஏலத்துக்கும் போகவில்லை. ஏலத்தில் எடுப்பவர்கள் தவறு செய்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன். யாரும் எடுக்காவிட்டால் விலை இறங்க இறங்க அந்தக் குடும்பத்தின் கடன்தான் தீராமல் நிற்கும். ஆனால் அந்தக் காலணிகளைப் பார்த்துவிட்டு என்னால் கை தூக்க முடியாது.

வங்சா மாஜு தம்பி போன வாரம் மறுபடி கூப்பிட்டார். நாலு மாதம் ஆகியிருந்தது. "அண்ணே, நல்ல சேதி. 235க்கு வர்றாங்களாம். நீங்க சொன்னதுக்குப் பக்கத்துல வந்துட்டாங்க."

"நாலு மாசத்துல 45,000 ஏன் தம்பி எறங்குச்சு?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"கேக்கலண்ணே" என்றார். பிறகு, "கேட்டுட்டுக் கூப்பிடுறேன்" என்றார்.

நிர்வாக அலுவலகம் சனிக்கிழமை ஒரு மணிக்கு மூடிவிடுவார்கள், அதற்கு முன்னால் நாம் இரண்டு பேரும் சேர்ந்தே போவோம் என்று சொல்லியிருக்கிறேன்.