அஞ்சு நிமிஷம் பேச்சுக் கொடுங்கள்

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா (நினைவும் சிந்தனையும் மங்கிப்போகும் மறதி நோய்) இருப்பதாக 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. டிமென்ஷியாவுக்கு முதன்மைக் காரணம் அல்சைமர் என்னும் மூளை நோய். அந்தக் கணக்கில், 300 முதியவர்கள் உள்ள ஒரு வார்டில் இருபது பேருக்காவது டிமென்ஷியா இருக்க வேண்டும். தெருவில் விசாரித்தாலோ ஒன்றிரண்டு பெயர்தான் வரும். மற்ற வீடுகளில் "வயசாயிடுச்சு, அவ்வளவுதான்" என்று முடித்துவிடுவார்கள். பெண்ணுக்கு வரன் பார்க்கும் வீடு என்றால் அதுகூடச் சொல்ல மாட்டார்கள்.

மேடை போட்டு நடத்தும் விழிப்புணர்வுக் கூட்டங்களில் எங்களுக்கு நம்பிக்கை குறைந்துவிட்டது. எல்லோரும் தலையாட்டுவார்கள், மறுநாள் யார் என்ன செய்வது என்று ஒருவருக்கும் தெரியாது. நோயாளியின் அக்கம்பக்கத்தில் இருப்பவர்களிடம், இன்னாருக்கு இன்ன வேலை என்று பிரித்துக் கேட்டால்தான் நடக்கிறது. அதற்கு முன் குடும்பத்தின் சம்மதம் வேண்டும். யாரிடம் சொல்லலாம், யாரிடம் வேண்டாம் என்பது அவர்கள் முடிவு. நோய் ஆரம்ப நிலையில் இருந்தால் நோயாளியையே கேட்க வேண்டும்.

ஆட்டோ ஸ்டாண்டில் கேட்பது இவ்வளவுதான்: தாத்தா தனியாக வந்தால் சொன்ன இடத்துக்கு ஏற்றிப் போய்விடாதீர்கள், அஞ்சு நிமிஷம் பேச்சுக் கொடுத்து நிறுத்திவைத்து இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள். பின்னாலிருந்து தோளைத் தொடக் கூடாது. எதிரே வந்து, நிதானமாக, ஒரு நேரத்தில் ஒரு கேள்வி. "என்னைத் தெரியுதா?" என்று சோதிக்கவே கூடாது. சாயங்காலம் ஐந்து மணிக்கு "வீட்டுக்குப் போகணும்" என்று கிளம்பியவரிடம் "உங்க வீடு இதுதானே" என்று வாதாடினால் கோபம்தான் மிஞ்சும். அவர் தேடுவது ஐம்பது வருடத்துக்கு முந்தைய வீடாக இருக்கும். கூடவே நாலு எட்டு நடந்து, "ஒரு டீ குடிச்சிட்டுப் போலாம் வாங்க" என்று திருப்பிக்கொண்டு வருவதுதான் சரிப்படும்.

மளிகைக் கடை அண்ணாச்சியிடம் வேறு ஏற்பாடு. ஒரே நாளில் மூன்றாம் முறை சர்க்கரை கேட்டு வந்தவரிடம் "இப்பத்தானே வாங்கினீங்க" என்றால் நாலு பேர் முன் அவமானம். கால் கிலோவைக் கொடுத்து நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். பிரிக்காத பொட்டலத்தை வீட்டார் இரவில் திருப்பிக் கொடுத்துக் கணக்கை நேர்செய்வார்கள்.

போன் எண்ணை அட்டையில் எழுதிக் கழுத்தில் மாட்டினால் கழற்றி எறிந்துவிடுவார்கள். துணிப்பட்டையில் எழுதி, சட்டைக் காலருக்கோ ரவிக்கைக்கோ உட்புறம் தைத்தால் நிற்கும். இரண்டு எண்கள் தேவை. ரீசார்ஜ் தீர்ந்து செத்துப்போன எண் தைக்கப்பட்டிருப்பது அடிக்கடி நேரும் தவறு. மாதம் ஒருமுறை கூப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

காணோம் என்றால் முதலில் வீட்டிலேயே தேடுங்கள்: மொட்டை மாடி, குளியலறை, கிணற்றடி. பிறகு குளம், ரயில் பாதை, பேருந்து நிறுத்தம், வழக்கமான கோயில், பழைய வேலையிடம். கால் மணி நேரத்தில் கிடைக்காவிட்டால் 112க்கு அழையுங்கள். 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வாட்ஸ்அப்பில் படம் போடும்போது தேதி, நேரம், அன்று உடுத்தியிருந்த உடை இருக்கட்டும். வீட்டு முகவரி வேண்டாம். தேதி இல்லாத படம், ஆள் திரும்பிய பிறகும் மாதக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும்.

2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் ஊழியர்கள் பிரஷர், சுகர் மாத்திரையோடு வீட்டுக்கே போகிறவர்கள். மீதி மாத்திரையை எண்ணிப் பார்க்கும்படி அவர்களிடம் சொல்லிவைப்போம். ஒழுங்காகச் சாப்பிட்டு வந்தவரிடம் பாதி மிச்சமிருந்தாலோ, பத்து நாள் முன்பே தீர்ந்திருந்தாலோ டாக்டரிடம் அனுப்ப அதுவே போதும். மறதியெல்லாம் அல்சைமர் இல்லை. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, கீழே விழுந்ததில் மண்டைக்குள் கசிந்த ரத்தம் எல்லாமே மறதியைத் தரும். அவற்றுக்கு வைத்தியம் உண்டு. இரண்டே நாளில் ஆள் குழம்பிப்போனால் சிறுநீர்த் தொற்றா என்று அன்றைக்கே பார்க்க வேண்டும்.

எல்லாவற்றிலும் கடினம், கவனித்துக்கொள்பவருக்கு ஓய்வு வாங்கித் தருவது. பெரும்பாலும் அது மனைவியோ மகளோ மருமகளோதான். வாரம் இரண்டு நாள், இரண்டு மணி நேரம், ஒரே தன்னார்வலர், ஒரே நேரம் என்று வைத்துக்கொள்வோம். ஆளை மாற்றினால் நோயாளி மிரண்டுவிடுவார். முதல் மூன்று முறை கவனித்துக்கொள்பவரும் வீட்டில் இருக்க வேண்டும். எப்படிக் கூப்பிட்டால் பிடிக்கும், எந்தப் பாட்டு, எத்தனை மணிக்குக் கழிப்பறை என்று ஒரு பக்கத்தில் எழுதி வாங்கிக்கொள்ளலாம். மாத்திரை கொடுப்பது மட்டும் தன்னார்வலர் வேலை இல்லை. கவனித்துக்கொள்பவருக்கு அந்த இரண்டு மணி நேரம் ரேஷன் கடைக்கும் துணி துவைப்பதற்கும் போய்விடுகிறது. தூங்கச் சொல்லியும் கேட்பதில்லை. அதனால் ரேஷன் வாங்க இன்னொருவரை ஏற்பாடு செய்கிறோம்.

கவனிப்பவர்களுக்கான கூட்டத்தை மாலையில் வைத்தால் யாரும் வர மாட்டார்கள். பொழுது சாயும் நேரத்தில்தான் நோயாளிகளின் தவிப்பு அதிகம். காலை 11 மணிக்கு வைத்து, பக்கத்து அறையில் நோயாளிகளையும் உட்காரவைத்தால் வருவார்கள். நோயாளி இறந்த பிறகும் அந்த மனைவிக்கு, அந்த மருமகளுக்குக் கூட்டத்துக்கான அழைப்பு போக வேண்டும். சிலர் மாதக்கணக்கில் வந்து பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். அவர்களுக்கும் ஒரு நாற்காலி போட்டுவைக்கிறோம்.